மதிலுக்குள் ஒரு கானகம்

காடு என்ற சொல்லைக் கேட்டதும் நம் உள்ளத்தில் விரியும் காட்சி எது? வானளாவிய மலை, அதன் சரிவில் பகலிலும் இருள் சூழ்ந்த மரக்கூட்டம், யானையின் பிளிறல், புலியின் அடிச்சுவடு, மனிதர் காலடி படாத ஒற்றையடிப் பாதை. காடு என்றால் நாட்டை விட்டு நெடுந்தொலைவில் இருக்க வேண்டும் என்பது நாம் பிள்ளைப் பருவத்திலேயே மனத்தில் பதித்துக்கொண்ட எண்ணம். 'காடாறு மாதம், நாடாறு மாதம்' என்று கதை சொன்ன நம் முன்னோரும் காட்டையும் நாட்டையும் எதிரெதிரே நிறுத்தித்தானே சொன்னார்கள்!

ஆனால் நாட்டின் நடுவே, அதுவும் தமிழகத்தின் தலைநகரின் நடுவே, ஒரு காடு இருக்கின்றது. அடையாற்றிலிருந்து கிண்டிக்குச் செல்லும் சர்தார் பட்டேல் சாலையில் நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் பயணம் செய்கின்றனர். பேருந்தின் சன்னலோரம் அமர்ந்திருப்பவருக்கு நீண்ட மதிலும், மதிலுக்கு மேலே தலைநீட்டும் மரங்களும் தெரியும். யாரோ பெரிய மனிதரின் தோட்டம் போலும் என்று எண்ணிக் கடந்துவிடுவார். அந்த மதிலுக்கு அப்பால் வெளிமான் மேய்கின்றது, நரி ஊளையிடுகின்றது, இமயமலை அடிவாரத்துக் குருவி வந்து குளிர்காலத்தைக் கழித்துச் செல்கின்றது. அதுதான் கிண்டி தேசியப் பூங்கா.

இதன் பரப்பு 270 ஹெக்டேர். நமக்குப் பழகிய கணக்கில் சொன்னால் 670 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. இந்தியாவின் தேசியப் பூங்காக்களுள் மிகச் சிறியவற்றில் இதுவும் ஒன்று. மும்பை மாநகரை ஒட்டிய சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவோ ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதனோடு ஒப்பிட்டால் கிண்டிக் காடு ஒரு கைக்குட்டை அளவுதான். ஆயினும் அந்தக் கைக்குட்டைக்குள் பொதிந்திருப்பவை எத்தனை எத்தனை!

காட்டின் கதை

கிண்டிக் காட்டின் வரலாறு சென்னை நகரின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநராக வில்லியம் லாங்ஹார்ன் இருந்த 1670களில் இக்காட்டின் ஒரு பகுதியைத் திருத்தி ஒரு தோட்ட மாளிகை எழுப்பப்பட்டது. கோட்டைக்குள் வெப்பத்தில் வாடிய வெள்ளைக்கார அதிகாரிகள் இளைப்பாறவும் வேட்டையாடவும் இங்கே வந்தனர். எஞ்சிய காடு தனியார் உடைமையாக இருந்தது. கில்பர்ட் ராடரிக்ஸ் என்பவரிடமிருந்து 1821-ஆம் ஆண்டில் அரசு அதனை 35,000 ரூபாய்க்கு விலைக்கு வாங்கியது. இன்று அப்பகுதியில் ஒரு சிறு வீட்டுமனையின் விலையைக் கேட்டால் நமக்கு மூச்சு நின்றுவிடும். அன்று காடே 35,000 ரூபாய்!

1910-இல் 505 ஹெக்டேர் நிலம் பாதுகாக்கப்பட்ட காடாக ஆக்கப்பட்டது. நாடு விடுதலை பெற்ற பின்னர் இக்காட்டிலிருந்து நிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. 1956-இல் காந்தி மண்டபம் எழுந்தது. 1958-இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கென ஒரு பெரும்பகுதி வழங்கப்பட்டது. அதே ஆண்டில் நேரு அவர்களின் விருப்பத்திற்கிணங்கச் சிறுவர் பூங்காவும் மான் பூங்காவும் அமைந்தன. 1972-இல் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் பாம்புப் பண்ணை வந்தது. ராஜாஜிக்கும் காமராஜருக்கும் 1970களில் நினைவிடங்கள் எழுந்தன. 1977-இல் எஞ்சிய காடு வனத்துறையின் பொறுப்புக்கு வந்தது. 1978-இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 505 ஹெக்டேராக இருந்தது 270 ஆகச் சுருங்கிய பிறகே காடு மூச்சுவிட்டது எனலாம்.

பசுமை மாறாத வறட்சி

இக்காட்டை ஏன் இவ்வளவு அரிதாகக் கருத வேண்டும்? மான்கள் இருப்பதாலா? மான்கள் வேறிடங்களிலும் உண்டு. இது எவ்வகைக் காடு என்பதில்தான் இதன் அருமை அடங்கியிருக்கின்றது.

சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி ஒரு காலத்தில் தொடர்ந்து படர்ந்திருந்த ஒரு தனிவகைக் காட்டின் மிச்சம் இது. 'வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு' என்று தாவரவியலார் இதனை அழைக்கின்றனர். பெயரே முரணாகத் தோன்றும். உலர்ந்த நிலத்தில் பசுமை மாறாதிருப்பது எங்ஙனம்? நம் கடற்கரையின் மழைக்காலம் குறுகியது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வெயில். இத்தகைய நிலத்தில் உள்நாட்டு மரங்கள் பல, கோடையில் இலையுதிர்த்துத் தம்மைக் காத்துக்கொள்ளும். கடற்கரைக் காட்டின் மரங்களோ வேறு வழி கண்டன. அவற்றின் இலைகள் சிறியவை, தோல்போல் தடித்தவை, மெழுகு பூசியதுபோல் பளபளப்பவை. உள்ளிருக்கும் ஈரத்தை எளிதில் வெளியே விடா. ஆதலால் சித்திரை வெயிலிலும் அவை பச்சையாகவே நிற்கின்றன. வானளாவ ஓங்குவதில்லை, குட்டையாக, நெருக்கமாக, ஒன்றையொன்று தழுவி வளர்ந்து, கடற்காற்றையும் வெயிலையும் சேர்ந்தே தாங்குகின்றன.

கிண்டியில் 350-க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் உள்ளன. காட்டு எலுமிச்சை என்று சிலரும் குருந்து என்று சிலரும் அழைக்கும் முட்செடி புதர்புதராக மண்டியிருக்கின்றது. அதன் இலையைக் கசக்கி முகர்ந்தால் எலுமிச்சை மணம் வீசும். அதனை உண்டு வளரும் புழுக்களே பின்னர் வண்ணத்துப்பூச்சிகளாகப் பறக்கின்றன. களாச்செடி, விளாமரம், வேம்பு, ஆல், காட்டுச் சீத்தா, நெடிதுயர்ந்த பனைகள் என்று நம் கிராமத்து வேலியோரங்களில் நாம் கண்டு பழகியவையே இங்கே காடாகக் கூடி நிற்கின்றன.

இத்தகைய காடு ஒரு காலத்தில் ஆந்திரக் கரையிலிருந்து இராமநாதபுரம் வரை பரவியிருந்தது. வயலாகவும் தோப்பாகவும் ஊராகவும் மாறியது போக, இன்று அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துண்டுகளே எஞ்சியுள்ளன. அத்துண்டுகளுள் பெரியது ஒன்று வேதாரணியத்தை அடுத்த கோடியக்கரையில் இருக்கின்றது. வெளிமானைக் காக்கவென 1967-இல் அங்கே ஒரு சரணாலயம் அமைக்கப்பட்டது. கிண்டியும் கோடியக்கரையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இந்த உறவை எனக்குக் காட்டியவர் ஒரு தாவரவியல் பேராசிரியர் அல்லர். என்னுடைய மூத்த சகோதரி.

ராத்தா கண்ட காடு

நாங்கள் கோடியக்கரைக்கு அண்மையில் உள்ள தோப்புத்துறைக்காரர்கள். வாப்பா உப்பளத்தில் கணக்கு எழுதியவர்கள். நான் பிழைப்பை நாடிச் சென்னைக்கு வந்து நாற்பதாண்டுகள் ஆகின்றன. ராத்தா ஊரிலேயே வாழ்ந்தவர்கள். பள்ளிப்படிப்பு மூன்றாம் வகுப்போடு முடிந்துவிட்டது. ஆனால் எந்தச் செடியின் இலை எந்த நோவுக்கு ஆகும், எந்த மரம் எந்த மாதம் பழுக்கும் என்பது அவர்களுக்கு விரல்நுனிக் கணக்கு. கோடை வந்தால் கோடியக்காட்டிலிருந்து பாலைப்பழம் கூடையில் விற்பனைக்கு வரும். பொன்னிறத்தில், வேப்பம்பழ அளவில், பிசுபிசுக்கும் பாலோடு இனிக்கும் அந்தப் பழத்தை நாழிக் கணக்கில் அளந்து வாங்கி, உடன்பிறந்தோர் அனைவருக்கும் பங்கிட்டுக் கொடுப்பதும் ராத்தாவின் பொறுப்பாகவே இருந்தது.

2017-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ராத்தாவுக்குப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. சென்னைக்கு அழைத்து வந்தோம். கிண்டிக் காட்டின் வட்டாரத்தில் உள்ள ஒரு மருத்துவமனையில் வாரக்கணக்கில் கதிர்வீச்சுச் சிகிச்சை நடைபெற்றது. பார்த்துப் பழகாத பெருநகரம். முகம் தெரியாத மனிதர்கள். நாள்தோறும் அச்சமூட்டும் எந்திரங்கள். ராத்தா பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். உணவும் செல்லவில்லை. பிள்ளைகள் எவ்வளவோ தேற்றியும் பயனில்லை.

ஒருநாள் மாலை, சிறிது நடக்கலாம் என்று மருத்துவர் சொன்னதன்பேரில் சிறுவர் பூங்காவுக்கு அழைத்துச் சென்றேன். மரநிழலில் மெல்ல நடந்து, காட்டை ஒட்டிய வேலியருகே வந்ததும் ராத்தா நின்றுவிட்டார்கள். வேலிக்கு வெளியே நீண்டிருந்த ஒரு சிறு கிளையிலிருந்து ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்து பார்த்தார்கள். பிறகு வேலிக்கு அப்பால் உற்று நோக்கி, "களா நிக்கிது. விளா நிக்கிது. அங்கே பாருங்க, பனை. இது நம்ம கோடியக்காடுல்ல தம்பி! இது எப்படி இங்கே வந்துச்சு?" என்றார்கள். பல வாரங்களுக்குப் பிறகு அவர்கள் தாமாகத் தொடங்கிய பேச்சு அது.

"இது எங்கேயும் இருந்து வரல்லே ராத்தா. இது முன்னமேயே இங்கேதான் இருந்துச்சு. பட்டணம்தான் இதைச் சுத்தி வந்துச்சு" என்றேன்.

அன்றிலிருந்து சிகிச்சை முடியும்வரை, உடல் இடங்கொடுத்த மாலைகளிலெல்லாம் அந்த வேலியோரம் வந்து அமர்வது ராத்தாவின் வழக்கமாயிற்று. காடு நோயைத் தீர்த்தது என்று நான் சொல்ல வரவில்லை. நோயைத் தீர்த்தது இறைவன் அருளும் மருத்துவர்களின் திறமையும். ஆனால் அயலூரில் கிடந்த ஒரு நோயாளிக்கு அந்தக் காடு சொந்த ஊராக இருந்தது. அது சிறிய உதவியா?

இரு மான்களின் வாழ்க்கை

வேலியோரத்தில் அமர்ந்த அம்மாலைகளில்தான் நானும் மான்களை ஊன்றிக் கவனிக்கத் தொடங்கினேன். மான் என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பிட்டாலும், கிண்டியின் இரு மான்களும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. புள்ளிமானே உண்மையான மான் இனம். அதன் கொம்பு கிளைவிட்டு வளரும். ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைக்கும். வெளிமானோ ஆடு மாடுகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. இரலை என்று பழந்தமிழர் அழைத்தது இதனையே. அதன் கொம்பு கிளைப்பதில்லை. திருகுபோல் முறுக்கி வளர்ந்து, வாழ்நாள் முழுவதும் உதிராது நிற்கும். வளர்ந்த கலைமானின் முதுகு கருமை; வயிறு தூய வெண்மை. பெட்டையோ பொதுவாகக் கொம்பின்றி, இளம்பழுப்பு நிறத்தில் அடக்கமாகத் தோன்றும்.

இரண்டின் இயல்பும் வேறு. புள்ளிமான் மரநிழலையும் புதரோரத்தையும் நாடும்; புல்லோடு தழையும் உதிர்ந்த பழமும் தின்னும்; பின்கால்களில் நின்று எட்டாத கிளையையும் எட்டிப் பறிக்கும். வெளிமானுக்கு வெட்டவெளி வேண்டும். கண்ணும் காலுமே அதன் காவல். தொலைவிலேயே பகையைக் கண்டு, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து மறைவதே அது அறிந்த தற்காப்பு. புதர் மண்டிய இடத்தில் அதன் கண் குருடு, கால் முடம்.

புள்ளிமான்கள் 1945-க்குப் பிறகு இக்காட்டில் கொண்டுவந்து விடப்பட்டவை என்று கருதப்படுகின்றது. நிழலும் தழையும் நிறைந்த இவ்விடம் அவற்றுக்கு ஒத்துக்கொண்டது, பல்கிப் பெருகின. வெளிமானுக்கோ, பழைய 'போலோ திடல்' போன்ற புல்வெளிகளே புகலிடம். அப்புல்வெளிகள் புதர்களால் மூடப்பட மூடப்பட, அதன் உலகம் சுருங்குகின்றது. காடு அடர்ந்தால் எல்லா விலங்கும் மகிழும் என்று நாம் எளிதாக எண்ணிவிடுகின்றோம். காட்டுக்குள் வெறும் புல்வெளியாக ஓர் இடம் கிடப்பதும் ஓர் உயிருக்கு வீடாகும் என்பதை வெளிமான் நமக்கு உணர்த்துகின்றது.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வெளிமானுக்கு மிக உயர்ந்த காவலை வழங்கியிருக்கின்றது. வேட்டைக்காரனின் துப்பாக்கியிலிருந்து அச்சட்டம் காத்துவிட்டது. ஆனால் மதிலுக்கு மேலே நாம் வீசியெறியும் பிளாஸ்டிக் பையிலிருந்து காக்கச் சட்டத்திற்கு வலிமை போதவில்லை. இறந்த மானின் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது சுருட்டிய பிளாஸ்டிக் பைகள் கிடைத்த செய்தியைச் சென்னைவாசிகள் நாளிதழ்களில் படித்திருக்கின்றோம். உணவின் உப்பும் மணமும் ஒட்டிய பையை மான் உணவென்றே எண்ணி விழுங்குகின்றது. அது செரிப்பதுமில்லை, வெளியேறுவதுமில்லை. வயிறு நிறைந்திருக்க, பட்டினியால் சாகின்றது.

விருந்தாளிகளும் வீட்டுக்காரர்களும்

புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கும்போது கிண்டிக்கு விருந்தாளிகள் வருகின்றனர். அவர்களுள் என் நெஞ்சைக் கவர்ந்தது ஆறுமணிக்குருவி. காலையிலும் மாலையிலும் ஆறுமணியளவில் குரல் கொடுப்பதால் மக்கள் இட்ட பெயர். பச்சை, நீலம், கருமை, வெண்மை, வயிற்றடியில் குங்குமச் சிவப்பு என்று பல வண்ணங்களை ஒரு கைப்பிடி உடலில் சுமந்து திரிவது. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைத் தென்னாட்டிலும் இலங்கையிலும் கழிக்க இரவோடிரவாகப் பறந்து வருகின்றது. களைத்து வழிதவறிச் சென்னை வீடுகளின் மொட்டைமாடியிலும் தாழ்வாரத்திலும் அது விழுந்து கிடப்பதுண்டு. உதிர்ந்த சருகைக் கிளறிப் புழு பொறுக்குவது அதன் பிழைப்பு. சருகு எங்கே கிடக்கும்? நம் வீட்டு முற்றத்தை நாள்தோறும் பெருக்கிவிடுகின்றோம். சாலையோரத்துச் சருகை எரித்துவிடுகின்றோம். பெருக்கப்படாத தரை இந்நகரில் எஞ்சியிருக்கும் ஒரு சில இடங்களுள் கிண்டிக் காடு ஒன்று. குப்பை என்று நாம் இகழும் சருகுதான் ஆயிரம் மைல் பறந்து வந்த குருவிக்கு விருந்து.

நிலையாக வாழும் வீட்டுக்காரர்களும் பலர் உண்டு. 130-க்கும் மேற்பட்ட பறவை இனங்களை இங்கே கண்டு குறித்திருக்கின்றனர். புதருக்குள் 'கூப் கூப்' என்று குரல் கொடுக்கும் செம்போத்து, பொன்னிற மாங்குயில், பகலில் பொந்திலிருந்து விழித்துப் பார்க்கும் ஆந்தை ஆகியவை அவற்றுட் சில. முயலும் கீரியும் நட்சத்திர ஆமையும் உண்டு. இரவில் மரநாய் மரமேறிப் பழம் தின்னும். நரியையும் வெறும் தந்திரக்காரனாகக் கதைகளில் படித்திருக்கின்றோமே, அது இலந்தைப்பழத்தை விரும்பித் தின்று விதையைக் காடெங்கும் பரப்பும் உழவனும் ஆகும். வௌவால் ஆலம்பழத்தைத் தின்று அடுத்த ஆலை விதைக்கின்றது. யாரும் நட்டுத் தண்ணீர் ஊற்றாமலேயே ஒரு காடு தன்னைத் தானே நட்டுக்கொள்ளும் முறை இது.

காட்டுக்கு வந்த இடர்கள்

இம்முறைக்கு ஊறு செய்பவையும் இல்லாமலில்லை. விறகுக்காக நம் நாட்டில் பரப்பப்பட்ட சீமைக் கருவேலம் போன்ற அயல் தாவரங்கள் காட்டுக்குள்ளும் புகுந்தன. அவை புகுந்த இடத்தில் நம் மண்ணின் செடிகளுக்கு இடமில்லை. நம் மண்ணுக்குரிய மரங்களையே நட வேண்டும், அழகுக்காக அயல்நாட்டு மரங்களைக் கொணர்ந்து நடலாகாது என்று சென்னையில் வாழ்ந்த இயற்கை எழுத்தாளர் மா.கிருஷ்ணன் 1996-இல் மறையும்வரை வலியுறுத்தி வந்தார். அவர் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியவர். அவருடைய பேச்சு அன்று பலருக்குக் கடுமையாகத் தோன்றியது. 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் வீசியபோது, அவருடைய பேச்சைப் பலரும் நினைவுகூர்ந்தனர். நகரின் சாலையோர மரங்கள் ஆயிரக்கணக்கில் வேரோடு சாய்ந்தன. கிண்டியிலும் ஏராளமான மரங்கள் வீழ்ந்தன. ஆனால் வீழ்ந்த மரத்தைக் காடு வீணாக்குவதில்லை. அது மட்கி மண்ணாகின்றது. அது விட்டுச்சென்ற வெளிச்சத்தில் புதுக் கன்றுகள் எழுகின்றன. சாலையோரத்து மரத்தையோ நாம் அறுத்து ஏற்றிச் சென்றுவிட்டோம். அங்கே எஞ்சியது குழிதான்.

ராத்தா குணமடைந்து ஊர் திரும்பிய மறு ஆண்டு, 2018 நவம்பர் 16-ஆம் நாள், கஜா புயல் வேதாரணியக் கரையைத் தாக்கியது. நான் ஊருக்கு ஓடினேன். எங்கள் பகுதியின் தென்னந்தோப்புகள் போர்க்களம் போல் கிடந்தன. கோடியக்காட்டில் ஓர் இலைகூட மிஞ்சாத மரங்களைக் கண்டேன். மான்களும் பறவைகளும் மடிந்து கிடந்ததாக மக்கள் கண்கலங்கிச் சொன்னார்கள். அந்த வேளையிலும் ராத்தா கேட்ட கேள்வி, "பட்டணத்துக் காடு நல்லாயிருக்கா தம்பி?" என்பதுதான். ஓர் இடத்தில் அழிந்தாலும் மற்றோர் இடத்தில் இருக்கின்றது என்ற ஆறுதல் அவர்களுக்கு வேண்டியிருந்தது. துண்டுகளாக எஞ்சிய காடுகளின் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு அந்தக் கேள்வியே விடை.

நல்ல காரணங்கள்

மருத்துவமனையில் இருந்த நாட்களில் ஒரு மாலை, இக்காட்டின் கதையை ராத்தாவுக்கு விவரித்துக்கொண்டிருந்தேன். எதெதற்காக எப்போது நிலம் பிரிந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தேன். கல்விக்கூடம் நாட்டுக்கு வேண்டாமா? சிறுவர்க்குப் பூங்கா வேண்டாமா? நாட்டுக்கு உழைத்த பெரியோர்க்கு நினைவிடம் வேண்டாமா? எதனைத் தவறு என்று சொல்வது? இவ்வாறு என் உள்ளத்தில் இருந்த குழப்பத்தையும் சேர்த்தே சொன்னேன்.

ராத்தா சற்று நேரம் பேசாதிருந்தார்கள். பிறகு சொன்னார்கள்: "நம்ம அப்பாவுக்குக் காணி எவ்வளவு இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது, நீங்க சின்னப் புள்ளை. மாமி நிக்காவுக்கு ஒரு துண்டு வித்தாங்க. பெரியவாப்பா சபருக்குப் போக ஒரு துண்டு. கூரை வீட்டை ஓட்டு வீடாக்க ஒரு துண்டு. உங்க படிப்புக்கு ஒரு துண்டு. எதுவும் கெட்ட காரியத்துக்கு விக்கல்லே தம்பி. எல்லாம் நல்ல காரியம்தான். கடைசியிலே உம்மாவுக்கு ஒரு முருங்கைக் கன்று நட இடம் இல்லே."

எங்கள் ஊர்ப்பக்கத்தில் பாட்டனாரை அப்பா என்றழைப்பது வழக்கம். அந்தக் காணி கரைந்த கதையில் என் படிப்பும் ஒரு துண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன். அப்படிப்புதான் என்னைச் சென்னைக்கு அனுப்பியது. அதனால்தான் ராத்தாவின் நோய்க்குத் துணைநிற்க என்னால் இயன்றது. ஆகவே, விற்றது தவறு என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் ராத்தா சொன்ன கணக்கு என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

காடுகள் தீயோரால் மட்டும் அழிவதில்லை. தீயவன் கோடரியோடு வந்தால் ஊர் கூடித் தடுத்துவிடும். நல்லவர்கள் நல்ல காரணத்தோடு வந்து, "இவ்வளவு பெரிய காட்டில் இந்தச் சிறு துண்டுதானே?" என்று கேட்கும்போது மறுக்க நமக்கு நா எழுவதில்லை. ஒவ்வொரு முறையும் கேட்கப்படுவது சிறு துண்டுதான். ஒவ்வொரு முறையும் காரணமும் நல்லதுதான். கூட்டிப் பார்த்தால் பாதிக் காடு போய்விட்டிருக்கும். ஒரு காரணம் நல்லதா தீயதா என்று பார்ப்பது மட்டும் போதாது. இதற்கு முன் எத்தனை முறை கொடுத்தோம், இனி எவ்வளவு மீதி இருக்கின்றது என்ற கணக்கையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1978-இல் அரசு செய்தது அத்தகைய ஒரு கணக்குத்தான். இதற்கு மேல் துண்டில்லை என்று கோடு கிழித்தது.

அந்தக் கோட்டால் நமக்கு என்ன பயன் என்று கேட்போருக்கு, மானையும் குருவியையும் விட்டுவிட்டுத் தண்ணீரைக் காட்டலாம். கோடையில் குடத்தோடு லாரியின் பின்னே ஓடுவதும், மழையில் வீட்டுக்குள் வெள்ளம் புகுவதும் சென்னைக் குடும்பங்களுக்குப் புதிதன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தை யார் மறப்பார்? சிமெண்டும் தாரும் மூடிய தரையில் மழைநீர் ஓடிக் கடலில் கலக்கின்றது. சருகு மூடிய காட்டுத் தரையிலோ அது நின்று, ஊறி, நிலத்தடிக்கு இறங்குகின்றது. காடு நகருக்குள் திறந்திருக்கும் ஒரு பெரிய கிணற்றின் வாய்.

தேசியப் பூங்காவின் உட்பகுதிக்குள் எவரும் விருப்பம்போல் நுழைந்துவிட இயலாது. வனத்துறையின் அனுமதி வேண்டும். அந்தத் தடை நல்லதே. ஆனால் சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும் பொதுமக்களுக்கு உரியவை. விடுமுறை நாளில் சென்னைக்கு வரும் குடும்பங்கள் கடற்கரையையும் கடைத்தெருவையும் பார்த்துத் திரும்புகின்றன. ஒரு காலைப் பொழுதை இங்கே கழிக்கலாமே! பிள்ளைகளை வெறுமனே ஊஞ்சலில் ஆட்டிவிட்டுத் திரும்பாமல், ஒரு விளாமரத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லித்தரலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்களுக்குத் தெரிந்த செடிப் பெயர்கள் எந்தப் பாடநூலிலும் முழுமையாக இல்லை; அவர்களோடு அவையும் போய்விடும். கையில் கொண்டுசென்ற தின்பண்டப் பையை மறவாமல் வீட்டுக்கே எடுத்து வருவது, மானுக்கு நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம்.

ராத்தா 2022-இல் இறையடி சேர்ந்தார்கள். சிகிச்சைக்குப் பின் ஐந்தாண்டுகள் தம் பேரப்பிள்ளைகளோடு வாழ்ந்தார்கள். அவர்கள் எங்களுக்கு விட்டுச்சென்ற சொத்தில் நிலமில்லை. அது முன்னமே கரைந்துவிட்டது. எதனையும் கொடுக்குமுன் மீதியை எண்ணிப் பார் என்ற அறிவுரைதான் எஞ்சியிருக்கின்றது. குடும்பத்துக்கும் அது பொருந்தும், நகரத்துக்கும் பொருந்தும். 270 ஹெக்டேர் என்பது கிண்டியில் நமக்கு எஞ்சிய காணி. அதில் இனி விற்பதற்குத் துண்டில்லை.